ரத்தம் போகிறவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஊசியா?

பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் முற்றி வார்டில் படுத்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை ரத்தமாகப் போகிறது. சாயங்காலம் சிஸ்டர் ட்ரேயில் ஒரு சின்ன ஊசியை எடுத்துக்கொண்டு வருகிறார். துணைக்கு இருக்கும் அம்மா கேட்பார்: "ஏன் சிஸ்டர், அவனுக்கு ரத்தம் நிக்காமப் போயிட்டிருக்கு. நீங்க ரத்தம் உறையாம இருக்க ஊசி போட வர்றீங்களே?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல சிஸ்டருக்கு நேரம் இருக்காது. "டாக்டர் எழுதியிருக்காங்கம்மா" என்பதோடு முடியும். அம்மா விடாமல் மறுத்தால் அன்றைய ஊசி விடுபடும், சார்ட்டில் "நோயாளி மறுப்பு" என்று எழுதப்படும். கிரோன்ஸ், கோலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய்கள் (ஐபிடி) உள்ளவர்களின் ரத்தக்குழாய்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி.

குடலின் உள்சுவரில் புண் இருப்பதால் ரத்தம் கசிகிறது. அது அந்த இடத்துச் சேதம். ரத்தத்தின் உறையும் தன்மை குறைந்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. நடப்பது நேர்எதிர். அழற்சி தீவிரமாக இருக்கும்போது கல்லீரல், ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜனைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது, எட்டாம் எண் உறைகாரணி ஏறுகிறது, உறைதலுக்குக் கடிவாளம் போடும் ஆன்டித்ராம்பின் குறைகிறது. பிளேட்லெட் 4.5 லட்சத்தைத் தாண்டுவது ஃப்ளேரில், அதாவது நோய் கிளம்பியிருக்கும் காலத்தில், சாதாரணம். இரும்புச்சத்துக் குறைவு அதை இன்னும் ஏற்றிவிடும். ரத்தக்குழாயின் உள்வரிச் செல்கள் வழக்கமாக வழுவழுப்பாக, எதுவும் ஒட்டாதபடி இருக்கும். டி.என்.எஃப் போன்ற அழற்சிப் பொருள்கள் பட்டால் அவையே உறைதலைத் தூண்டும் பக்கத்துக்கு மாறிவிடுகின்றன. போதாததற்குப் பேதியால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, ஆள் படுக்கையில் கிடக்கிறார், கையில் ஊசிக்குழாய், உள்ளே ஸ்டீராய்டு. ரத்தம் கட்டுவதற்கு மூன்று காரணங்களை ஜெர்மன் மருத்துவர் விர்கோவின் பெயரால் சொல்வார்கள்: ஓட்டம் மந்தமாவது, குழாயின் உள்சுவர் கெடுவது, ரத்தமே கெட்டிப்படும் தன்மைக்கு மாறுவது. ஃப்ளேரில் இருப்பவருக்கு மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1936-லேயே மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பார்கன், பார்க்கர் என்ற இருவர் கோலைட்டிஸ் நோயாளிகளின் சிரைகளிலும் தமனிகளிலும் பெரிய ரத்தக்கட்டுகளைப் பார்த்து எழுதிவிட்டார்கள். கணக்காகச் சொன்னால், ஐபிடி உள்ளவருக்கு ஆழ்சிரையிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு. ஃப்ளேர் காலத்தில் அது சுமார் 8 மடங்காகிறது என்று 2010-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு சொன்னது. மடங்குக் கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். மேலைநாட்டுப் பொதுமக்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் விஷயத்தின் மடங்கு இது. ஆனால் எந்த வாரங்களில் வரும் என்று முன்கூட்டியே தெரிகிற ஆபத்து இது, தடுக்க வழியும் உண்டு. தெரிந்தும் கோட்டைவிடுவதுதான் எரிச்சலைத் தருகிறது.

"நரம்பு இழுக்குது"

நம் பேச்சுத் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தம் ஓடும் சிரைக்கும் 'நரம்பு', மூளையிலிருந்து வரும் நரம்புக்கும் 'நரம்பு'. ரத்தம் எடுக்கும்போது "நரம்பு கிடைக்கல", கால் பிடித்துக்கொண்டால் "நரம்பு சுருட்டிக்கிச்சு". பெங்களூரில் இருக்கும் தமிழருக்கும் இதே கதை: கன்னடத்திலும் 'நர' என்றால் இரண்டும்தான். ஆகவே பெங்களூர் காஷுவால்ட்டியில் மொழி மாற்றிச் சொன்னாலும் குழப்பம் தீராது.

இந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு. ஃப்ளேரில் இரண்டு வாரம் படுத்திருந்தவருக்குக் கெண்டைக்காலில் வலி வந்தால், வீட்டில் முதலில் வருவது தைலம். பிறகு சுளுக்கு எடுப்பவர். ஆழ்சிரையில் ரத்தக்கட்டு இருக்கும் காலை மேல்நோக்கி அழுத்தி நீவினால் கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போகலாம். ஐபிடி உள்ளவருக்கு ஒரு காலில் மட்டும் புதிதாக வலியோ வீக்கமோ வந்தால், டாப்ளர் (ரத்தக்குழாய் ஸ்கேன்) பார்க்கும்வரை அந்தக் காலில் யாரும் கை வைத்து நீவக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். தையல்காரர் டேப் போதும். முழங்கால் சில்லுக்குக் கீழே முன்புறம் எலும்பு லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் குறி வையுங்கள். இரண்டு கால்களிலும் அதே உயரத்தில் சுற்றளவை எடுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. அதைவிடக் குறைவென்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வலியும் சூடும் இருந்தால் அப்போதும் காட்டத்தான் வேண்டும். இடது காலில்தான் இது அதிகம் வரும். இடுப்புக்குள் இடது காலின் பெரிய சிரை, வலது காலுக்குப் போகும் தமனிக்கு அடியில் நசுங்கியபடி செல்வது அதற்கு ஒரு காரணம்.

கால் வீக்கமெல்லாம் ரத்தக்கட்டு ஆகிவிடாது. இரண்டு பாதமும் ஒன்றுபோல வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் பெரும்பாலும் ஆல்புமின் குறைந்திருக்கிறது. குடல் வழியாகப் புரதம் கசிவதால் வருவது. (ஆல்புமின் குறைவாக இருப்பவருக்கு ரத்தம் கட்டும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் அதையும் சும்மா விடக்கூடாது.) முழங்காலுக்குக் கீழே முன்புறம், கீழ்க்கால் எலும்பின் மேல், தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் பல வந்தால் அது எரிதீமா நோடோசம், ஐபிடியோடு வரும் தோல் பிரச்சினை. டிரிப்ஸ் போட்ட கையில் கயிறுபோலத் தடித்துச் சிவந்திருந்தால் மேலோட்டச் சிரையின் அழற்சி. ஊசிக்குழாயை இடம் மாற்ற வேண்டும், சிஸ்டரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. மற்றவர்களுக்கு அது நார்மலாக வந்தால் ரத்தக்கட்டு இல்லை என்று ஓரளவு நம்பலாம். ஃப்ளேரில் இருப்பவருக்கு அழற்சியாலேயே அது ஏறியிருக்கும். "டி-டைமர் பாசிட்டிவ்" என்ற ஒரு வரியை வைத்துக் கலங்கவும் வேண்டாம், அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். முடிவு சொல்வது டாப்ளர் ஸ்கேன். கருவியால் சிரையை அழுத்துவார்கள். வெறும் சிரை தட்டையாகிவிடும், கட்டி இருக்கும் சிரை மடங்காது. பரிசோதனை அவ்வளவுதான், வலிக்காது.

காலைத் தவிர மற்ற இடங்களில் வருவதை இன்னும் எளிதாகத் தவறவிடுகிறார்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் நுரையீரல்; 108-ஐக் கூப்பிட வேண்டும், மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்கக் கூடாது. பெருங்குடலை எடுத்த அறுவைக்குப் பிறகு ஓரிரு வாரங்களில் புதிதாக வயிற்றுவலி, காய்ச்சல், வாந்தி வந்தால் எல்லோரும் உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா என்றுதான் தேடுவார்கள். கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் ரத்தம் கட்டினாலும் இதே அறிகுறிகள்தான். சி.டி. எடுக்கும்போதே சிரைகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மூளைச் சிரையில் வருவது அபூர்வம், ஆனால் இளம் வயதினரைத் தாக்கும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, படுத்தால் அதிகமாவது, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு. சாதாரண சி.டி.யில் இது தெரியாமலே போகலாம். சிரைகளுக்கென்று எடுக்கும் எம்.ஆர். வெனோகிராம் வேண்டும். நிமான்ஸ் என்ற பெரிய மூளை, நரம்பியல் மருத்துவமனை இருக்கும் பெங்களூரில் இதைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை, கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கோலைட்டிஸ் உள்ள பெண்ணுக்குப் பிரசவம் முடிந்த முதல் ஆறு வாரம் இதற்கு முக்கியமான காலம். "பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிக்கக் கூடாது, வயிறு பெருத்துடும்" என்று பத்தியம் வைக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. வேறு எந்தப் பத்தியத்தையும் பெரியவர்கள் மனம் கோணாமல் கடைப்பிடிக்கலாம். தண்ணீர்ப் பத்தியத்தை மட்டும் கூடாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்

பெங்களூர்த் தமிழர்களுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, மடிவாலாவிலோ சாந்தி நகரிலோ பஸ் ஏறி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் போவது. எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம். ஞாயிறு ராத்திரி அதே வழியில் திரும்பி, திங்கள் காலை நேராக ஆபீஸ் நாற்காலி. பயணம் 4 மணி நேரத்தைத் தாண்டினாலே சிரையில் ரத்தம் கட்டும் வாய்ப்பு ஏறுகிறது என்பது எல்லோருக்கும் பொருந்தும். ஐபிடிக்காரர் இதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறார்: பஸ்ஸில் கழிப்பறை இருக்காது என்ற பயத்தில் மத்தியானத்திலிருந்தே சாப்பிடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை. கிருஷ்ணகிரி தாண்டி பஸ் நிற்கும் ஓட்டலில்கூட வாய் நனைப்பதில்லை. ஏற்கெனவே பேதியில் வற்றிய உடம்பு, பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல், ஸ்லீப்பரில் காலை மடக்கியபடி கிடக்கிறது.

ஃப்ளேர் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் முதல் யோசனை. போயே ஆகவேண்டுமென்றால் ரயில். டாய்லெட் இருக்கிறது, எழுந்து நடக்க இடம் இருக்கிறது, ஆகவே தண்ணீர் குடிக்கத் தைரியம் வரும். பஸ்தான் என்றால், மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலும் கீழும் இருபது முப்பது முறை அசையுங்கள். கெண்டைச் சதை சுருங்கி விரிவதுதான் காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளும் பம்ப். முழங்காலுக்குக் கீழ்வரை வரும், அளவெடுத்து வாங்கிய அழுத்தக் காலுறை உதவும்; கால் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. ஏற்கெனவே ஒரு தடவை ரத்தக்கட்டு வந்தவர், நீண்ட பயணத்துக்கு முன்னால் ஊசியோ மாத்திரையோ தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே டிக்கெட் போட வேண்டும்.

குடிப்பது என்ன என்பதும் முக்கியம். பேதி ஓடும்போது வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் உப்பு சேராது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை உத்தேசமாக ஒரு டம்ளரில் போடுவதால் பலன் கெடுகிறது. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன், உப்பு தலைதட்டி அரை டீஸ்பூன். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நல்லதுதான், ஆனால் ஓ.ஆர்.எஸ்.ஸின் வேலையை அது செய்யாது. பழ வாசனையோடு அட்டைப் பெட்டியில் வரும் பானங்களில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் பேதி கூடவே செய்யும்.

ஊசியும் மாத்திரைகளும்

மீண்டும் அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். ஃப்ளேருக்காக அட்மிட் ஆனவருக்கு, மலத்தில் ரத்தம் போனாலும், ஹெப்பாரின் வகைத் தடுப்பு ஊசி போட வேண்டும் என்பதுதான் அமெரிக்க, ஐரோப்பியக் குடல்நோய் வழிகாட்டுதல்களின் நிலை. வழக்கமான அளவு எனாக்ஸபரின் 40 மி.கி., நாளுக்கு ஒரு முறை, தோலுக்கடியில். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் குறைப்பார்கள். இந்த அளவில் கோலைட்டிஸ் ரத்தப்போக்கு குறிப்பிடும்படி கூடுவதில்லை. நிறுத்தி வைக்கக் காரணங்கள் உண்டு: பி.பி. விழுந்துபோகும் அளவுக்குப் பெரிய ரத்தப்போக்கு, பிளேட்லெட் 50,000-க்குக் கீழே போவது, அறுவைக்குச் சற்று முன்பு. ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் பிளேட்லெட் பாதியாக இறங்கினால் ஹெப்பாரினே அதற்குக் காரணமாக இருக்கலாம்; அதனால் இடையில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மறுபக்கம், ரத்தம் போகிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ட்ரானெக்ஸாமிக் அமிலம் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். மாதவிடாய் ரத்தப்போக்குக்கு நல்ல மருந்து. குடல் ரத்தப்போக்குக்கு அப்படியில்லை. சுமார் 12,000 பேரை வைத்து நடந்த, 2020-ல் வெளியான ஹால்ட்-இட் ஆய்வில், குடல் வழி ரத்தப்போக்கால் ஏற்படும் சாவை அது குறைக்கவில்லை; சிரையில் ரத்தம் கட்டுவது மட்டும் சுமார் இரண்டு மடங்கானது. உறைவதற்குத் தயாராக இருக்கும் ரத்தத்துக்கு மேலும் உறைய ஒரு மருந்து! கோலைட்டிஸில் ரத்தத்தை நிறுத்துவது அழற்சியை அடக்கும் மருந்துதான்.

பெருங்குடல் அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, பல மையங்கள் ஊசியை மொத்தம் 4 வாரம் தொடரச் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆன்டிபயாட்டிக், பான்டோப்ரசோல் எல்லாம் இருக்கும், இது விட்டுப்போயிருக்கும். கேட்டு வாங்குங்கள். வீட்டில் போட்டுக்கொள்வது கஷ்டமில்லை. தொப்புளிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில் இடம் பாருங்கள். ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட திறப்பில் மலம் சேரும் பை) இருந்தால் அதன் அருகிலும் தையல் தழும்பின் மேலும் வேண்டாம். சிரிஞ்சுக்குள் தெரியும் காற்றுக்குமிழியை வெளியே தள்ளாதீர்கள். தள்ளினால் மருந்தும் கொஞ்சம் போய்விடும், குமிழி கடைசியில் உள்ளே போவதால் ஒரு கெடுதலும் இல்லை. இரண்டு விரலால் தோல்மடிப்பைப் பிடித்து, ஊசியைச் செங்குத்தாக முழுக்க இறக்கி, மெதுவாகத் தள்ளி, ஊசியை எடுக்கும்வரை மடிப்பை விடாமல் வைத்திருங்கள். எடுத்த பிறகு தேய்க்கக் கூடாது. வயிறெல்லாம் ஊதா நிறமாகக் கன்றிப்போய் வருபவர்கள் பெரும்பாலும் தேய்த்தவர்கள்தான். இன்றைக்கு இடது, நாளைக்கு வலது.

இனி, வேறு காரணத்துக்காக விழுங்கும் மாத்திரைகள் ரத்தக்குழாய்க்கு என்ன செய்கின்றன என்பது. பிரெட்னிசலோன் ஃப்ளேரை அடக்கும், கூடவே ரத்தம் உறைவதையும் பி.பி.யையும் சர்க்கரையையும் ஏற்றும். 40 மி.கி.யில் தொடங்கி வாரம் 5 மி.கி. குறைப்பதாக எழுதிக்கொடுத்திருந்தால் அந்தச் சீட்டின்படி இறங்குங்கள். "ஸ்டீராய்டுதான் ஒத்துக்குது" என்று 10 மி.கி.யில் ஆண்டுக்கணக்காக நிற்பவர்களின் குழாய்கள்தான் மெல்லக் கெடுகின்றன.

டோஃபாசிட்டினிப் இப்போது கோலைட்டிஸுக்கு இங்கே நிறையப் பேருக்கு எழுதப்படுகிறது. உள்நாட்டு ஜெனரிக் வந்துவிட்டதால் ஊசி பயாலஜிக்குகளைவிட விலை குறைவு. நல்ல மருந்து, வேகமாகக் கேட்கும். ஆனால் 50 வயதைத் தாண்டி, இதயநோய்க்கான காரணி ஏதாவது ஒன்றாவது உள்ள மூட்டுவாத நோயாளிகளிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளோடு ஒப்பிட்டால் இதில் மாரடைப்பும் ரத்தக்கட்டும் கூடுதலாக இருந்தன. நுரையீரல் ரத்தக்கட்டு 10 மி.கி. இரண்டு வேளை அளவில் அதிகம். அது மூட்டுவாதக்காரர்களின் கணக்கு, 28 வயது கோலைட்டிஸ்காரருக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். முதல் 8 வாரம் 10 மி.கி. இரண்டு வேளை, பிறகு 5 மி.கி. இரண்டு வேளை என்பது வழக்கம். எட்டு வாரம் கழித்து ரிவ்யூவுக்குப் போகாமல் பழைய சீட்டையே காட்டி 10 மி.கி.யையே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, இந்த மருந்து கொலஸ்ட்ராலை ஏற்றும். தொடங்கி 4 முதல் 8 வாரத்தில் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ஃப்ளேர் காலத்தில் வேண்டாம், காப்பர்-டி அல்லது புரோஜெஸ்டின் மட்டும் உள்ளவை மேல். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட நார்எத்திஸ்டிரோன் 5 மி.கி. மூன்று வேளை வாங்கிப் போடுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அது புரோஜெஸ்டின்தான், ஆனால் அந்த அளவில் உடம்புக்குள் அதன் ஒரு பகுதி எத்தினைல் ஈஸ்ட்ரடியோலாக மாறுகிறது. கருத்தடை மாத்திரையில் இருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன். ஃப்ளேரோடு, ராத்திரி பஸ்ஸோடு, இந்த மாத்திரையும் சேர்வது நல்ல கூட்டணி இல்லை.

ரத்தக்கட்டு வந்தேவிட்டால் குறைந்தது 3 மாதம் மருந்து. ரிவரோக்ஸபான் என்றால் 15 மி.கி. இரண்டு வேளை 21 நாள், பிறகு 20 மி.கி. ஒரு வேளை. இந்த அளவுகளை வயிறு நிறையச் சாப்பிட்டபின்தான் போட வேண்டும், வெறும் வயிற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். "குடல் சரியில்லை, கஞ்சிதான்" என்று இரண்டு வாய் குடித்துவிட்டுப் போடுபவருக்கு இது சிக்கல். சிறுகுடலில் கணிசமான பகுதியை எடுத்தவர்களுக்கு எந்த மாத்திரை எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதை மருத்துவர் தனியாக யோசிக்க வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் போடுபவர்கள் ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கப் பார்க்க வேண்டும். கிரோன்ஸுக்கு அடிக்கடி கொடுக்கும் மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்ஸசின் இரண்டும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும், அசதயோபிரின் இறக்கிவிடும். நம் நாட்டில் கூடுதலாக ஒன்று: கிரோன்ஸா, குடல் டி.பி.யா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் டி.பி. மருந்து தொடங்குவது வழக்கம். அதிலுள்ள ரிஃபாம்பிசின், வார்ஃபரினையும் ரிவரோக்ஸபான் வகை மாத்திரைகளையும் கல்லீரலில் வேகமாக அழித்துவிடும். டி.பி. மருந்து எழுதுபவருக்கும் ரத்தக்கட்டு மருந்து எழுதுபவருக்கும் ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்க வைப்பது நோயாளியின் வேலையாகிவிடுகிறது. அப்படி இருக்கக் கூடாதுதான், இருக்கிறது.

நோய் அடங்கியிருக்கும் ஆண்டுகள்

சிரை விவகாரம் ஃப்ளேரோடு வந்து போகும். தமனி அப்படியில்லை, ஆண்டுக்கணக்கில் அரிபடும். ஐபிடி உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிடச் சற்றே அதிகம். இளவயதினரிடமும் பெண்களிடமும் இந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிகிறது. நோயாளி ஒல்லியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கொலஸ்ட்ரால் பார்த்தாலும் ஏமாற்றும்: அழற்சி தீவிரமாக இருக்கும்போது எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கிவிடும். வார்டில் எடுத்த ரிப்போர்ட்டில் எல்.டி.எல். 60 என்று பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். நோய் அடங்கி இரண்டு மூன்று மாதம் கழித்து எடுப்பதே உண்மையான எண்.

சர்க்கரையிலும் இதே மாதிரி ஒரு பொறி. மூன்று மாதச் சராசரி என்று பார்க்கும் ஹெச்.பி.ஏ.1.சி., இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். ரத்தம் ஏற்றிய பிறகோ, சல்ஃபாசலசின் சிவப்பணுக்களை உடைக்கும்போதோ குறைவாகக் காட்டும். காலையில் ஸ்டீராய்டு போடுபவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மலாக இருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எகிறும். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்க்க வேண்டும்.

இதயத்துக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லும் சாப்பாடு எல்லா ஐபிடிக்காரருக்கும் ஒத்துவராது. குடல் சுருங்கியிருக்கும் கிரோன்ஸ்காரர் பச்சைக் காய்கறி சாலட், முளைகட்டிய பயறு, வேர்க்கடலை, கொய்யா விதை என்று ஆரம்பித்தால் அடைத்துக்கொண்டு காஷுவால்ட்டிக்குத்தான் போவார். சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி என்று தோல்சீவிக் குழைய வேகவைத்ததும், வறுக்காத மத்தி (சாளை) மீனும் அவருக்குச் சரி. உப்பைக் குறை என்ற அறிவுரையும் அப்படித்தான். சிறுகுடலை வயிற்றில் திறந்து வைத்த இலியோஸ்டமி பை உள்ளவர் உப்பை இழந்துகொண்டே இருக்கிறார். அவரைப் போய் உப்பில்லாமல் சாப்பிடச் சொன்னால் உடம்பு வற்றி, சிறுநீரகம் அடிபடும்.

சிறுகுடலின் கடைக்கோடியில் 20 செ.மீ.க்கு மேல் எடுத்திருந்தால் பி12 சாப்பாட்டிலிருந்து சரியாகச் சேராது. சைவக்காரர்களுக்கு முன்பே பற்றாக்குறை. பி12-ம் ஃபோலேட்டும் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும், அது குழாய்ச் சுவருக்கு ஆகாது. அவர்களுக்கு மாதாமாதம் 1,000 மைக்ரோகிராம் ஊசி. சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்ஸேட் போடுபவர்கள் ஃபோலிக் அமிலத்தை விடக்கூடாது. சிகரெட் கிரோன்ஸைக் கெடுக்கும் என்பது தெரிந்ததே. கோலைட்டிஸில் வேறு கதை. நிறுத்திய சில மாதங்களில் ஃப்ளேர் வரலாம், அதைச் சாக்காக வைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. குடலுக்கு மருந்து இருக்கிறது, அதைச் சரிசெய்துகொண்டு சிகரெட்டை விட்டபடியே இருக்க வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் கூடாது: ஃப்ளேரையும் கிளப்பும், பி.பி.யையும் ஏற்றும். பாராசிட்டமால் போதும்.

பி.பி. பார்க்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, சிறுநீர் கழித்துவிட்டு, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கும்படி வைத்து எடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தது 135/85-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் காட்டவும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது இரண்டு கையிலும் எடுக்கச் சொல்லுங்கள். பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்கும் டாகயாசு என்ற அழற்சி அபூர்வமாக ஐபிடியோடு சேர்ந்து வரும், அதிலும் இளம் பெண்களுக்கு. துணி காயப்போடும்போது ஒரு கை சீக்கிரம் அசந்துபோவது, ஒரு மணிக்கட்டில் நாடி மெலிவாக இருப்பது, இரண்டு கை பி.பி.க்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருப்பது எல்லாம் அதன் தடயங்கள். ஒரே கையில் எடுத்து "பி.பி. லோ, நல்லா சாப்பிடும்மா" என்று அனுப்பப்படும் பெண்களில் சிலருக்கு, மறு கையில் எடுத்திருந்தால் 160 காட்டியிருக்கும்.